கோட்டுத் தாத்தாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்பான தோட்டத்துச் சனங்களுக்கும், ஹட்டன், கொட்டகலைப் பக்கமிருந்து மழையோடு வந்து பார்த்தவர்களுக்கும்,

நாடகம் நடந்துவிட்டது. மீசை ஒட்டிய பசையில் மேலுதடு இன்னும் எரிகிறது. யார் என்ன சொன்னார்கள், மண்டபம் ஏன் கடைசி நேரத்தில் கிடைக்காமல் போனது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், இங்கே கிளறப் போவதில்லை. பொம்பளைப் பிள்ளைகள் வேட்டி கட்டி ஆடினால் தோட்டத்துக்கே கேவலம் என்றவர்களில் சிலர், பின்னால் நின்று கடைசிவரை பார்த்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

வேலை நேரத்தில் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பிராவைத் திறந்துவிட்டவர்கள், உட்கார வாங்குப் பலகை தூக்கிய தம்பிமார், ரொட்டியும் பிளேன்டீயும் கொடுத்த அக்காமார், எங்கள் பிள்ளைகளைத் தூங்கவைத்த அம்மாக்கள், ராத்திரியில் காசு வாங்காமல் ஏற்றி இறக்கிய ஆட்டோ அண்ணன், கொழும்பில் கடை வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் மைக் எடுத்துத் தந்தவர்கள்: யார் பேரையும் போடவில்லை, போட்டால் ஒருத்தர் விடுபட்டுப் போவார்.

கோட்டுத் தாத்தாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாங்கள் ஆடியது கிரேக்க நாடகக்காரர் சோபக்கிளீஸ் கி.மு. 441 அளவில் எழுதிய அன்டிகனி. செத்தவனை அடக்கம் பண்ணக்கூடாது என்று அரசன் கிரியோன் தடை போடுகிறான். செத்தவனுடைய தங்கை அன்டிகனி போய் மண் போடுகிறாள். சட்டத்தை மீறியதைவிட, மீறியது ஒரு பெண் என்பதுதான் கிரியோனுக்கு ஆறவில்லை. இவளைத் தண்டிக்காமல் விட்டால் இவள்தான் ஆம்பிளை, நான் இல்லை என்கிறான். அவளுக்காகப் பேச வந்த மகனைப் பெண்ணுக்கு அடிமை என்று ஏசுகிறான். ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் எல்லாரும் சிரித்துவிட்டோம். பீலியில் பொண்டாட்டிக்கு ஒரு குடம் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவன் நம்ம வரிசை வீட்டு லயத்தில் கேட்காத ஏச்சா? அந்தக் காலத்து ஏதென்சில் பெண் வேடத்தையும் முகமூடி போட்டு ஆண்கள்தான் ஆடினார்கள். மாசியில் ஆடுகிற நம்ம காமன் கூத்திலும், எரிந்துபோன காமனுக்காக ஒப்பாரி வைக்கிற அவன் பொண்டாட்டி ரதி ஆம்பிளைதான். நாங்கள் அதைத் திருப்பிப் போட்டோம். கிரியோன் நான்.

பிரச்சினை வந்த பிறகு, உடுப்புத் தருவதாகச் சொன்னவர் பின்வாங்கிவிட்டார். அன்று சாயந்திரம் தாத்தா வந்தார், கையில் ஒரு உரப் பை. பல வருசம் மாசியில் ரதி ஆடியவர், அவர் ஒப்பாரி வைத்தால் தப்பு அடிக்கிறவனும் அழுவான் என்பார்கள். எங்களை நிறுத்தச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம். பைக்குள் இருந்தது கறுப்புக் கோட்டு. அவருடைய அப்பா கங்காணியாக இருந்தபோது பெரட்டுக்கு, காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கிற இடத்துக்கு, போட்டுக்கொண்டு போனது. எனக்கு அது முழங்கால்வரை வந்தது. அவரே ஊசி நூல் எடுத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ரதிக்குச் சேலைக் கொசுவம் வைத்துப் பழகிய கை, தையல் நேராக விழுந்தது.

தைத்துக்கொண்டே ஒத்திகையைப் பார்த்தார். நான் முதல் வசனத்திலிருந்தே கத்திக்கொண்டிருந்தேன். கூப்பிட்டார்.

“எதுக்குப் புள்ள கத்துற? தொர கத்தி நீ பாத்திருக்கியா? அவரு மெதுவாத்தான் பேசுவாரு. எங்கப்பாதான் கத்துவாரு. தொரைக்குப் பயந்து கத்துவாரு.”

அப்புறம் கிரியோனை மாற்றினோம். தொடக்கத்தில் அவன் குரலை உயர்த்துவதே இல்லை. மகன் எதிர்த்துப் பேசும்போதுதான் சத்தம் ஏறுகிறது, பிடி நழுவ நழுவ இன்னும் ஏறுகிறது. நீங்கள் கைதட்டிய அந்தக் காட்சி தாத்தா போட்டது. மலையில் கொழுந்து எடுப்பது நாங்கள், நிறுத்துக் கணக்கு எழுதுவது, நிரை பிரித்து விடுவது, தலைவராக மேடையேறுவது எல்லாம் ஆம்பிளைகள் என்று பேசத்தான் நாடகத்தைத் தொடங்கினோம். அந்த ஆம்பிளைக்கும் மேலே தோட்டத்துரை என்று ஒருவன் நின்று பயங்காட்டியதை அவர் வந்து சொல்லும்வரை நாங்கள் யோசிக்கவில்லை. அதற்காக லயத்துக்குள் விழுந்த அடியை மன்னிக்க முடியாது, சரி. ஆனால் கிரியோனை இனி வெறும் ராட்சசனாக ஆட எனக்கு வராது.

நூலைக் கடித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். ஒரே நாள் வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்பது 1984 வரை இங்கே இருந்த நடைமுறை. அந்தக் குறைந்த சம்பளத்தையும் புருசன்மார்தான் கைநீட்டி வாங்கினார்கள்.

“என் பொண்டாட்டி, ஒங்க அப்பாயி, சம்பளத்த நாந்தான் வாங்குவேன். எவ்வளவுன்னு ஒருநாளும் அவ கேட்டதில்ல.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “கேக்க விட்டதில்லன்னு சொல்லணும்.”

நான் என்ன பதில் சொல்ல? கோட்டைப் போட்டுப் பார்த்தேன். தோள் சரியாக இருக்கிறது என்றார்.

நாடகத்தன்று வாசலில் சத்தம் போட்டவர்களிடம் அவர் என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது, அவரும் சொல்லவில்லை. உள்ளே வந்து அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்கவில்லை. “மஸ்கெலியா பக்கம் போடப் போறீங்கன்னு சொன்னாங்களே, அப்ப என்னத்தப் போட்டுக்குவ?” என்றார்.

ஆமாம், போடப் போகிறோம். கூப்பிடுகிற தோட்டத்துக்கெல்லாம் போவோம், மண்டபம் இல்லாவிட்டால் பெரட்டுக் களத்தில் ஆடுவோம். அதோடு, வருகிற மாசியில் கம்பம் நட்ட பிறகு ரதி வேடத்துக்கு எங்களில் ஒருத்தியை விடச் சொல்லிக் கோவில் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். தாத்தா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. ஒப்பாரி பழக்கித் தர ஒத்துக்கொண்டுவிட்டார், ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வருவாராம். சாயந்திரப் பனி அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை.