செயலாளரின் ஆண்டறிக்கை: தட்டு லேஅவுட்டும் நாமே தீட்டிய வானமும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். நம் மாதிரி ரயில் சங்க அறையின் நீளச் சுவரில், தரையில் இடம் அடைக்காதபடி, ஒரு தட்டு லேஅவுட், அதாவது அலமாரித் தட்டுபோல் சுவரில் நிற்கும் மாதிரி ரயில் அமைப்பு, கட்ட வேண்டும். அதன் பின்னணியை அச்சிட்டு ஒட்டாமல் நாமே கையால் வரைய வேண்டும் என்பதே அது. வேலை முடிந்தது, வண்டி ஓடுகிறது. ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான். நிர்வாக விஷயங்களைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் அளவுகள். ஸ்கேல் ஹெச்ஓ, அதாவது 1:87, நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. தட்டின் நீளம் 240 செ.மீ., அகலம் 40 செ.மீ. அதைவிடச் சிறிய, 1:160 அளவுள்ள ‘என்’ (N) ஸ்கேலில் கட்டினால் கிட்டத்தட்ட இரு மடங்கு நீள வண்டி ஓடுமே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இது வண்டி சுற்றிச் சுற்றி ஓடும் லேஅவுட் அல்ல, ஷண்டிங் லேஅவுட். வேகன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டும் வேலைக்குக் கண்ணுக்கும் விரலுக்கும் வசதியான அளவு வேண்டும் என்று பெரும்பான்மையோர் கருதினார்கள்.

பாதை அமைப்பு, பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் ரைட் வகுத்த இங்கிள்நூக் என்ற ஷண்டிங் புதிர். மூன்று சைடிங், அதாவது வேகன் நிறுத்தும் கிளைப்பாதைகள், ஒன்றில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. எதிர்முனையில் இன்ஜினும் 3 வேகனும் நிற்குமளவு பாதை. பாதை பிரியும் இடமான பாயின்ட் இரண்டே போதும். 8 வேகன்களுக்கும் சீட்டு எழுதிக் குலுக்கி, வந்த 5 வேகனை வந்த வரிசையிலேயே கோத்து நிறுத்த வேண்டும். இப்படி 6720 வரிசைகள் வரலாம் என்பதால் ஆட்டம் சலிப்பதில்லை. 40 அடி வேகன் இந்த ஸ்கேலில் 14 செ.மீ. வரும். கொக்கிகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் 240 செ.மீ.க்குள் எல்லாம் நெருக்கடியில்லாமல் அடங்கிவிட்டது.

மரவேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 9 மி.மீ. ப்ளைவுட் சட்டம், அதன் மேல் கெட்டி நுரைப்பலகை, சுவரில் இரும்பு ஆங்கிள்கள். ஒன்றை மட்டும் எழுதி வைக்க விரும்புகிறேன். ஷண்டிங் தட்டு ரசமட்டத்துக்கு நேராக இருந்தே ஆக வேண்டும். சாய்வு கொஞ்சம் இருந்தாலும், கழற்றி விட்ட வேகன் தானாக உருண்டு வந்துவிடும். மரவேலைக் குழு நீளவாக்கிலும் குறுக்கிலும் மட்டம் பார்த்த பிறகுதான் அடுத்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டது. அந்தப் பொறுமைக்கு நன்றி.

இனி பின்னணி ஓவியம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த லேஅவுட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

40 செ.மீ. அகலத்தை 87 ஆல் பெருக்கிப் பாருங்கள். நிஜ உலகில் அது 35 மீட்டர்கூட இல்லை. மூன்று பாதையும் ஒரு சரக்குக் கொட்டகையும் வைத்தாலே அந்த 35 மீட்டர் தீர்ந்துவிடும். வயல், மரவரிசை, மலை, வானம் என்று அதற்கு அப்பால் இருக்கும் உலகம் முழுவதும் சுவரில்தான் வர வேண்டும். பெரிய லேஅவுட்டில் பின்னணி சுமாராக இருந்தாலும் முன்னால் உள்ள காட்சி சமாளித்துக்கொள்ளும். தட்டு லேஅவுட்டில் அதற்கு இடமில்லை. அதனால்தான் தண்டவாளம் ஒரு அடிகூடப் போடுவதற்கு முன்பே ஓவியத்தை முடித்துவிட வேண்டும் என்று செயற்குழுவில் வற்புறுத்தினேன். பாதையும் மரமும் வைத்த பிறகு அவற்றின் மேல் சாய்ந்துகொண்டு யாராலும் வானம் தீட்ட முடியாது.

பின்பலகை 3 மி.மீ. ஹார்ட்போர்டு. இரு முனைகளிலும் மூலை வராமல் வளைத்துத் திருப்பியிருக்கிறோம். வானத்தில் மூலை கிடையாது. மூலை இருந்தால் அங்கே ஒரு நிழல் கோடு விழும், பார்ப்பவருக்கு அது பலகைதான் என்று உடனே தெரிந்துவிடும். இணைப்புகளில் நாடா ஒட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்தோம். விரலால் தடவினால் இணைப்பு தெரியக் கூடாது என்பதே சோதனை. பெயின்ட் எல்லாம் மேட் வகை. பளபளப்பு இருந்தால் விளக்கு வெளிச்சம் திட்டுத் திட்டாகப் பிரதிபலிக்கும்.

அடிவானம் எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. விதிப்படி அடிவானக் கோடு பார்ப்பவரின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். நம் தண்டவாளம் தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. நின்று பார்ப்பவரின் கண் அதற்கு மேல் 25 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அந்தச் சின்ன உலகில் அவர் கிட்டத்தட்ட 22 மீட்டர் உயர மாடியிலிருந்து பார்க்கிறார். அங்கே அடிவானத்தைப் போட்டால் பலகையில் நிலம்தான் நிறையும், வானத்துக்கு இடம் இருக்காது. உயரமான முக்காலியில் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அந்தக் கோடு பொருந்தவும் செய்யாது. கடைசியில் தண்டவாளத்துக்கு மேல் 14 செ.மீ.யில் முடிவு செய்தோம். அந்தக் கோடும் வெளிப்படையாகத் தெரியாதபடி குன்றுகளை வைத்து மறைத்துவிட்டோம். விதியைக் கொஞ்சம் வளைத்ததுதான். ஆனால் வந்து பார்ப்பவர் யாருக்கும் அது உறுத்தவில்லை.

வானத்தை ஒரே நீலமாக அடிக்கக் கூடாது. நிஜ வானம் உச்சியில் அடர்ந்தும், கீழே வர வர வெளுத்தும் இருக்கும். ஆழ்ந்த நீலம், இளநீலம், கிட்டத்தட்ட வெள்ளை என்று மூன்று கலவைகள் தயார் செய்து, மேலிருந்து கீழே பட்டைகளாக அடித்து, ஈரம் காய்வதற்குள் அகலத் தூரிகையால் கிடைமட்டமாக இழுத்து ஒன்றோடொன்று கலந்தோம். அக்ரிலிக் வேகமாகக் காயும். அதனால் ஒருவர் அடிக்க, இன்னொருவர் பின்னாலேயே கலந்துகொண்டு போக வேண்டியிருந்தது. இதை ஒற்றை ஆளாக 240 செ.மீ. நீளத்துக்குச் செய்வது பெரும்பாடு. சங்கமாகச் சேர்ந்து செய்வதன் அருமை அப்போது நன்றாகத் தெரிந்தது. மேகங்கள் மேலே பெரிதாகவும், அடிவானத்தை நெருங்க நெருங்கச் சிறிதாகவும் தட்டையாகவும் இருக்கின்றன. அவையும் தூரத்தைக் காட்டுபவைதான்.

குன்றுகளைத் தொலைவிலிருந்து கிட்டத்துக்கு, அடுக்கடுக்காகத் தீட்டினோம். நமக்கும் மலைக்கும் நடுவில் உள்ள காற்று ஒளியைச் சிதறடிக்கிறது, அதிலும் நீலத்தை அதிகமாக. அதனால் தூரத்து மலை வெளிறி நீலம் பாய்ந்து தெரிகிறது. இதைத் தூரிகைக்குக் கொண்டுவர ஓர் எளிய வழி உண்டு. அடிவானத்து வானக் கலவையை ஒரு மூடிபோட்ட டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டு, மலைக்கான பச்சையில் அதைச் சேர்ப்பது. கடைசி மலையில் பாதிக்கு மேல் வானக் கலவை, அடுத்ததில் குறைவு, முன்னால் வரும் மரவரிசையில் ஏறக்குறைய இல்லை, அங்கே மஞ்சள் சேர்த்த பச்சை. சுத்தக் கறுப்பை எங்குமே தொடவில்லை. மரவரிசைக்குத் தூரிகைகூட வேண்டாம், பிய்த்த ஸ்பாஞ்சால் ஒற்றியெடுத்தாலே போதும்.

நிறம் கலக்கும்போது, லேஅவுட்டுக்கு மேல் எரியப்போகும் விளக்கின் கீழேயே வைத்துக் கலக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் சரியாகத் தெரியும் பச்சை, விளக்கடியில் வேறு பச்சையாகிவிடும். அக்ரிலிக் காய்ந்தபின் சற்று அடர்ந்தும் போகும். அட்டையில் ஒரு தீற்றல் போட்டுக் காயவிட்டுப் பார்த்த பிறகுதான் பலகையில் கை வைத்தோம்.

வரையக்கூடிய இளைய உறுப்பினர்கள் இரண்டு பேருக்கு, நுணுக்கமாக ஒரு கிராமத்தையே பின்னால் தீட்டிவிட வேண்டும் என்று ஆசை. திறமை இருக்கிறது, ஆசையும் நல்லதுதான். ஆனாலும் வேண்டாம் என்று சொன்னேன். பின்னணி கண்ணைத் தன் பக்கம் இழுத்தால் வண்டி தோற்றுவிடும். அதோடு, சாய்கோணத்தில் வரைந்த வீடு ஓர் இடத்தில் நின்று பார்த்தால்தான் சரியாக இருக்கும். இரண்டடி நகர்ந்தால் கோணலாகிவிடும். நின்று ஓட்டுபவரோ தட்டு நெடுக நடந்துகொண்டே இருப்பார். ஆகவே தூரத்தில் நேர்முகமாகத் தெரியும் சில கூரைகளை மட்டும் அவர்கள் தீட்டினார்கள். எவ்வளவு குறைவாகத் தீட்டினால் போதும் என்று அவர்கள் கண்டுகொண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தட்டும் பலகையும் சேரும் விளிம்பை மறைப்பது தனி வேலை. சாலையை நேராகப் பலகையில் முட்டவிட்டால் ஏமாற்று உடனே வெளிப்பட்டுவிடும். நம் சாலை கொட்டகைக்குப் பின்னால் வளைந்து மறைந்துவிடுகிறது. ஓவியத்தில் அது தொடரவே இல்லை. தொடர்கிறது என்று பார்ப்பவர் தாமாகவே நினைத்துக்கொள்கிறார். மற்ற இடங்களில் புதர்கள், மதில், 4 செ.மீ. ஆழமே உள்ள அரைக்கட்டடங்கள். அமெரிக்காவின் ஜான் ஆலன் தம் லேஅவுட்டில் ஓவியத்தோடு கண்ணாடிகளையும் ஒளித்து வைத்து இடத்தைப் பெருக்கிக் காட்டியவர். அந்த வித்தையை நாம் இன்னும் முயன்று பார்க்கவில்லை.

விளக்கு 4000 கெல்வின் எல்இடி பட்டை. தட்டின் முன்விளிம்புக்கு மேலே, ஒரு மறைப்புப் பலகைக்குப் பின்னால் இருக்கிறது. முன்னாலும் மேலேயும் இருந்து ஒளி வருவதால் மரங்களின் நிழல் வானத்தில் ஏறாமல் தரையிலேயே விழுகிறது.

தண்டவாளமும் மின்சாரமும் எதிர்பார்த்ததைவிடச் சிக்கலில்லாமல் முடிந்தன. இணைப்புத் தகடுகளை நம்பாமல், ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி ஒயர் ஈயம் வைத்துப் பற்றினோம். தகடு நாளடைவில் தளரும், கறுக்கும். அப்போது இன்ஜின் திக்கும். ஷண்டிங் இன்ஜின் குட்டையானது, மெதுவாகவும் போகும். பாயின்டின் நடுவே மின்சாரம் இல்லாத பிளாஸ்டிக் பகுதி வந்தால் அங்கேயே நின்றுவிடும். அதனால் இரண்டு பாயின்டிலும் நடுப்பகுதிக்கு மின்சாரம் வருகிற வகையையே வாங்கினோம். ஜல்லி ஒட்டுவதற்கு வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டோம். அது நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், பசை ஜல்லி மேல் உருண்டு நிற்காமல் உள்ளே இறங்குகிறது. பாயின்டில் நகரும் நாக்குகளின் பக்கம் மட்டும் பசையே போகக் கூடாது. ஜல்லி வேலை முடியும்வரை ஓவியத்தின் கீழ்ப்பகுதி காகிதம் போர்த்தியே இருந்தது.

சரி, நிர்வாகம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பற்றவைக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஸ்பிரே பெயின்ட் அறைக்குள் கூடாது என்ற இரண்டு விதிகளும் இனி எல்லோருக்கும் பொருந்தும். வானக் கலவை டப்பா கருவி அலமாரியின் மேல்தட்டில் தேதியுடன் இருக்கிறது. பின்னணியில் கீறல் விழுந்தால் அதைக் கொண்டு மட்டுமே திருத்த வேண்டும், தயவுசெய்து புதிதாகக் கலக்காதீர்கள். தண்டவாளத்தைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சில்லாத துணியும் வைத்திருக்கிறோம். ஓட்டும் முன் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள் வந்திருக்கின்றன. ஒன்று, பாயின்டுகளுக்கு மோட்டார் பொருத்துவது. கையால் தள்ளும் லீவரே ஷண்டிங்குக்குப் பொருத்தம் என்பது என் கருத்து, ஆனால் முடிவு பொதுக்குழுவுடையது. மற்றது, வலப்பக்கம் 60 செ.மீ. நீட்டி, வண்டிகள் வந்து போக ஒரு மறைவிடம் அமைப்பது. இதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். இப்போது வலமுனையில் வளைந்து திரும்பும் பலகையை அதற்காக அறுக்க வேண்டியிருக்கும். அந்தத் திறப்பை ஒரு பாலத்தின் பின்னால் மறைக்கலாம் என்று ஓவியக் குழு ஒரு வரைபடம் தந்திருக்கிறது. அது மேசையில் இருக்கிறது, பார்த்துவிட்டு வாக்களியுங்கள்.

மரவேலை, மின்வேலை, ஓவியக் குழுக்களுக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் இருந்து அறையைச் சுத்தம் செய்த உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்