அது உன்பாடு என்று விட மாட்டேன்

கிறிஸ்துவுக்குள் அன்பான மச்சானுக்கு,

ராயபுரத்திலிருந்து உன் பழைய கூட்டாளி எழுதுவது. நானும் உன் தங்கச்சியும் சுகம். அவளுக்கு முட்டிவலி, எனக்கு சர்க்கரை. இந்த வயசில் இதைச் சுகம் என்றுதான் எழுத வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. வாட்ஸப்பில் கைகூப்புகிற பொம்மையைத் தட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று இருக்கிற காலத்தில் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறாய். ஹார்பர் ரிஜிஸ்டரில் எழுதுகிற மாதிரியே எழுத்து இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. உன் தங்கச்சி வாங்கிப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் ஊர்க்கதை. காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் இன்னும் முடியவில்லை. ஏப்ரல் 15-ல் ஆரம்பித்த 61 நாள், இந்த மாதம் 14-ம் தேதியோடு முடியும். விசைப்படகெல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறது. பெயின்ட் வாசனை, சுத்தியல் சத்தம், வலை பின்னுகிறவர்களின் அரட்டை. சின்னப் படகுக்காரர்கள் கொண்டுவருகிற கொஞ்ச மீனுக்கு யானை விலை. சங்கரா வாங்கப் போய் நெத்திலியோடு திரும்பினேன். படகு பழுதுபார்ப்பதை வைத்துப் போன ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஒரு முழுப் பிரசங்கமே செய்துவிட்டார். பயப்படாதே, அதை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை.

நீ போன பிறகு 2021 பிப்ரவரியில் மெட்ரோ தண்டையார்பேட்டை தாண்டி விம்கோ நகர் வரை வந்துவிட்டது. நம்ம ராயபுரம் ஸ்டேஷன் மட்டும் அதே தூண்களோடு அப்படியே நிற்கிறது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு பக்கம் கிளம்பியது என்று பேரனிடம் பெருமையாகச் சொன்னேன். "அப்ப ஏன் தாத்தா இப்ப காலியா இருக்கு?" என்றான். என்னத்தைச் சொல்ல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆறாம் பக்கத்தில் நீ கேட்டதற்காகத்தான் இந்தக் கடிதமே எழுதினாய் என்று எனக்குத் தெரியும். முதல் ஐந்து பக்கமும் தைரியத்தை வரவழைத்துக்கொள்ள எழுதியது. "கர்த்தர் மன்னிச்சிட்டார்னு நம்புறேன் மச்சான். ஆனா எந்த மூஞ்சிய வச்சிகினு மறுபடியும் ஊழியம்னு வந்து நிக்கிறது?" என்று கேட்டிருக்கிறாய்.

உனக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று நடந்ததைச் சின்னதாக்க மாட்டேன். சபையின் கட்டட நிதி உன் கையில் இருந்தது. பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்கு அதிலிருந்து எடுத்தாய். ஆடிட்டுக்கு முன்னால் வைத்துவிடலாம் என்று நினைத்தாய், ஆடிட் முந்திக்கொண்டது. அப்புறம் பி.எஃப். லோன் போட்டு, உன் வீட்டுக்காரம்மா, நம்ம அக்கா, அவர்கள் வளையலை விற்று, ஒரு பைசா பாக்கியில்லாமல் கட்டினாய். ரசீதை வாங்கிக்கொண்டு அன்றைக்கு வெளியே போனவன்தான். நான் அப்போது மும்பையில் இருந்தேன், எல்லாம் காதில் விழுந்த கதை. பணம் திரும்பி வந்ததா என்று பார்த்தவர்கள் ஆள் திரும்பி வந்தானா என்று பார்க்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான்.

கோபப்படாமல் அடுத்ததைப் படி. மத்தேயு 27-ம் அதிகாரத்தை உன் கடிதம் வந்த ராத்திரி திரும்ப எடுத்துப் பார்த்தேன். யூதாஸ் என்றால் நமக்கு ஆண்டவரைக் காட்டிக்கொடுக்க முப்பது வெள்ளிக்காசை வாங்கினவன். ஆனால் அந்தக் காசை அவன் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தவனும்தான். "குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லவும் சொன்னான். பணத்தையும் கொடுத்தான், தப்பையும் ஒத்துக்கொண்டான். அவன் போய் நின்ற பிரதான ஆசாரியரிடம் கிடைத்த பதில், "எங்களுக்கென்ன, அது உன்பாடு." அதற்கப்புறம் அவன் தனியாகப் போய்விட்டான். பேதுரு செய்ததும் லேசுப்பட்டதில்லை, ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்து, சத்தியமும் பண்ணினவன். ஆனால் அவன் மனங்கசந்து அழுதுவிட்டு மற்றவர்களிடமே போய்ச் சேர்ந்தான். மீன் பிடிக்கப் போகிறேன் என்றபோது கூட வர ஆறு பேர் இருந்தார்கள். கரையில் ஆண்டவர் விசாரணைக் கமிஷன் ஒன்றும் வைக்கவில்லை. மீன் சுட்டுப் போட்டார், அன்பாயிருக்கிறாயா என்று கேட்டார், ஆடுகளைக் கையில் ஒப்படைத்தார். நம்ம ஊர் படகுக்காரர்கள் கட்டின கோயிலுக்குப் பேதுரு பெயரை வைத்தார்களே, அவர்களுக்கு ஆளைத் தெரிந்திருக்கிறது.

நீ பணத்தைக் கட்டினாய், பாவத்தை அறிக்கை செய்தாய், ஆனால் தனியாகப் போய்விட்டாய். எனக்கு இருக்கிற கவலை அந்த ஒன்றுதான். பத்து வருஷத்துக்கு மேலாக நீ கோயம்புத்தூரில் மகன் வீட்டு மாடியில் உட்கார்ந்து உனக்கு நீயே "அது உன்பாடு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

"பின்னானவைகளை மறந்து" என்ற வசனத்தை எழுதி, என்னால் மறக்க முடியவில்லையே, அப்போது எனக்கு விசுவாசம் இல்லையா என்று கேட்டிருக்கிறாய். அந்த வசனத்தை நம்ம பிரசங்கிமார் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை. பிலிப்பியர் மூன்றாம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசி. மறந்து என்று பதின்மூன்றாம் வசனத்தில் எழுதுகிற பவுல், ஆறாம் வசனத்தில்தான் சபையைத் துன்பப்படுத்தினவன் என்று தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். கொரிந்தியருக்கும் அதையே எழுதுகிறார், தீமோத்தேயுவுக்கும் எழுதுகிறார். அவருக்கு ஒன்றும் மறக்கவில்லை. அது தன் காலைக் கட்டிப் போட விடவில்லை, அவ்வளவுதான். ஞாபகம் இருக்கிறதே என்று நீ அழ வேண்டாம். ஞாபகம் இருக்கிறவன் அடுத்தவனிடம் கொஞ்சம் பொறுமையாகப் பேசுவான்.

அதே பவுல் ஒரு விஷயத்தில் நம்மைப்போலத்தான் நடந்துகொண்டார். மாற்கு என்கிற அந்தப் பையன் பம்பிலியா நாட்டுப் பெர்கேயில் ஊழியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். அடுத்த பயணத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று கூட ஊழியம் செய்த பர்னபா சொன்னபோது பவுல் முடியவே முடியாது என்றார். சண்டை முற்றி இரண்டு பேரும் பிரிந்தே போனார்கள். இத்தனைக்கும் பவுலைச் சீஷர்கள் யாரும் நம்பாமல் பயந்த காலத்தில், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் இவனுக்கு நான் சாட்சி என்று நின்றவர் அதே பர்னபா. தனக்கு ஒருவர் சிபாரிசு செய்ததை மறந்துவிட்டு அடுத்தவனுக்குச் சிபாரிசு வரும்போது முகம் சுளிப்பது அப்போஸ்தலனுக்கே நடந்திருக்கிறது, நம்ம சபைக் கமிட்டிக்கு நடப்பது பெரிய ஆச்சரியமா? பர்னபா விடவில்லை, மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புருதீவுக்கு, அதுதான் சைப்ரஸ், கப்பல் ஏறினார். மாற்கு அவருக்கு இனத்தான், சொந்தக்காரன் என்பதால் இழுத்துக்கொண்டு போகிறார் என்று அன்றைக்கும் நாலு பேர் பேசியிருப்பார்கள்.

அதற்கப்புறம் அவன் அங்கே என்ன செய்தான் என்று வேதத்தில் ஒரு வரி கிடையாது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். யாரும் எழுதி வைக்காத வேலையைத்தான் செய்திருப்பான். பல வருஷம் கழித்து, கடைசிக் காலத்தில் சிறையிலிருந்து பவுல் எழுதுகிறார்: "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்." முடியாது என்ற அதே வாய்தான்.

நான் பர்னபா இல்லை, அவ்வளவு நல்ல குணமும் எனக்கு இல்லை. ஆனாலும் உன்னைக் கூப்பிடுகிறேன். எதற்குக் கூப்பிடுகிறேன் என்று கேட்டுக்கொள்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் செவ்வாயும் வெள்ளியும் காலையில் நாங்கள் சிலபேர் நிற்கிறோம். வேறுவேறு சபைக்காரர்கள், இரண்டு கத்தோலிக்க அம்மாக்களும் உண்டு. பேனர், பெயர் எதுவும் இல்லை. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, அந்தப் பக்கம் ஆந்திராவில் தடா, சூளூர்பேட்டையிலிருந்தெல்லாம் விடியற்காலையில் வந்து இறங்குகிறார்கள். ஓ.பி. சீட்டு எங்கே, ஸ்கேன் எந்தக் கட்டடம், எதுவும் தெரியாது. அதைவிடப் பெரிய தொல்லை காகிதம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். வருமானம் 1,20,000-க்குள் என்று சான்று வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும், ஆதார் வேண்டும். ரேஷன் கார்டில் குப்பம்மாள் என்றிருக்கும், ஆதாரில் குப்பு என்றிருக்கும். புருஷனுக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்ட நேரத்தில் அந்த அம்மா இ-சேவை மையத்துக்கும் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸுக்கும் அலைய வேண்டும். எந்தக் காகிதத்தை முதலில் வாங்குவது, யாரிடம் போவது என்று பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொடுக்க ஓர் ஆள் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். ஆந்திராவிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த அட்டை கிடைக்காது. அதையும் முதல் நாளே தெலுங்கில் தெளிவாகச் சொல்லிவிட ஆள் வேண்டும்.

ஃபாரம் எழுதியே முப்பது வருஷம் ஓட்டினவன் நீ. ஹார்பரில் தெலுங்கும் பேசினாய். எனக்குத் தெலுங்கில் வாங்க என்பதற்கு "ரண்டி", அது தவிர ஒன்றும் வராது.

ஜனங்கள் முதலில் எங்களைப் புரோக்கர் என்று நினைத்தார்கள். அதில் தப்பே இல்லை. அங்கே நாங்கள் சுவிசேஷத் துண்டுப்பிரதி கொடுப்பதில்லை, இதில் கூட வருகிறவர்களில் சிலருக்கு என்மேல் வருத்தம். வலியில் இருக்கிறவன் எழுந்து போக முடியாது, அவனைப் பிடித்து வைத்துப் பிரசங்கம் செய்வது சரியில்லை என்பது என் கட்சி. ஜெபம் பண்ணச் சொல்லிக் கேட்டால் பண்ணுகிறோம். கேட்கவும் கேட்கிறார்கள். நம் பாட்டிமார் அந்த ஆஸ்பத்திரியை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினதிலிருந்து வந்த பெயர். கஞ்சி குடிக்க வந்தவனிடம் அங்கே யாரும் ஞானஸ்நானச் சர்ட்டிபிகேட் கேட்டிருக்க மாட்டார்கள்.

இனி கொஞ்சம் கறாராகப் பேசுகிறேன். இந்த வேலையில் பணம் உன் கையில் வராது. போக்குவரத்துக்கு என்று சேர்கிற சில்லறையை அந்த அம்மாக்கள் வைத்திருக்கிறார்கள், அது அப்படியே இருக்கட்டும். உன்னை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளாதே. மன்னிப்பு வேறு, பெட்டிச்சாவி வேறு. சாவி வந்தால்தான் மன்னித்தார்கள் என்று அர்த்தம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நீ சாகும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. இதை நீ எட்டுப் பக்கத்திலும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். ஆடிட்டில் பணம் குறைகிறது என்று தெரிந்த அந்த முதல் வாரம், நீ வாய் திறப்பதற்கு முன்னால், மணியடித்து ஆலயம் பெருக்கின பெரியவரைத்தானே சந்தேகப்பட்டார்கள்? பெட்டி இருந்த அறைச்சாவி அவரிடமும் இருந்தது. அவர் வீட்டுக்கே போய்க் கேட்டார்களாம். நீ உண்மையைச் சொன்ன பிறகு அவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, நீயும் பேசவில்லை. அவர் இருக்கிறார், தண்டையார்பேட்டையில் மகள் வீட்டில். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. காது நன்றாகக் கேட்கிறது. போன மாதம் பார்த்தபோது உன்னைத்தான் விசாரித்தார். கோபமாக இல்லை, "அந்தத் தம்பி எங்க இருக்குது?" என்றார். எனக்குத்தான் பதில் சொல்ல நா எழவில்லை.

"முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து" என்று ஆண்டவர் வரிசையைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். காணிக்கையைக் கொண்டுவராதே என்று சொல்லவில்லை. அதனால் முதலில் தண்டையார்பேட்டை, அப்புறம் ஸ்டான்லி. சபைக்கு வருவதை மூன்றாவதாக வைத்துக்கொள்வோம். அதில் எனக்கு அவசரமில்லை, உனக்கும் வேண்டாம். சில பேர் முகத்தைத் திருப்புவார்கள். திருப்பட்டும், அவர்களுக்கும் நாள் தேவைப்படும். பெரியவரிடம் நீண்ட விளக்கம் கொடுக்காதே. பெண்ணின் ஃபீஸ் கதையை எடுக்கவே எடுக்காதே. என் தப்பு உங்கள் தலையில் விழுந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் பேசுவதைக் கேள். திட்டினால் திட்டட்டும். நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா இல்லாத வீட்டில் உனக்குப் பொழுது போகவில்லை என்று எழுதியிருக்கிறாய். அவர்கள் இருந்திருந்தால் எப்போதோ உன்னை ரயில் ஏற்றிவிட்டிருப்பார்கள். மகனிடம் சொல்லி டிக்கெட் போடச் சொல். சென்ட்ரலில் இறங்கி, விம்கோ நகர் போகிற மெட்ரோவில் ஏறினால் மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தியாகராயா காலேஜ், அதற்கடுத்தது தண்டையார்பேட்டை. நான் மேலே வாசலில் நிற்பேன். ஞாயிறு, திங்களில் வந்துவிட்டால் திங்கட்கிழமை சாயங்காலம் பெரியவரைப் பார்த்துவிடலாம், செவ்வாய் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல். எத்தனை நாள் தங்குவது என்று இப்போதே முடிவு பண்ணாதே. மாடி அறையைக் கழுவிவிட வேண்டும் என்று உன் தங்கச்சி ஆரம்பித்துவிட்டாள்.

14-ம் தேதி கழித்து வந்தால் நல்ல மீனும் கிடைக்கும். போர்வை, ஸ்வெட்டர் எதுவும் தூக்கிக்கொண்டு வராதே, இங்கே வேர்த்துக் கொட்டுகிறது. படிக்கிற கண்ணாடியை மறக்காதே, ஃபாரத்தில் எல்லாம் பொடி எழுத்து. பேனா மட்டும் நாலைந்து எடுத்துக்கொண்டு வா, அங்கே இரவல் கொடுத்தால் திரும்பி வராது.

அன்புடன்,
உன் கூட்டாளி
ராயபுரம்