பழுதான ஹார்டு டிஸ்க்கை எங்களிடமே விட்டுவிடச் சொல்லுங்கள்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆணையர் அவர்களுக்கும் ஆணையத்தின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

திருச்சியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மதர்போர்டு போய்விட்டது என்று சொன்னால் வாடிக்கையாளர் செலவை நினைத்துச் சலித்துக்கொள்வார். ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்றால் பணத்தைப் பற்றிய பேச்சே எழாது. "உள்ளே இருக்கிறதை எடுத்துடலாமா?" என்பதுதான் முதல் கேள்வி. அந்த டிஸ்க்குக்கு வாரண்டி இருக்கிறது என்பதே பல பேருக்கு அப்புறம்தான் ஞாபகம் வரும். அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

நடைமுறை இதுதான். நிறுவனத்தின் இணையதளத்தில் சீரியல் நம்பரைப் போட்டு வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். இருந்தால் சர்வீஸ் சென்டரில் கொடுக்கிறோம், இல்லாவிட்டால் கூரியரில் அனுப்புகிறோம். அடி பட்டிருக்கிறதா, போர்டு எரிந்திருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறார்கள். சில நாட்களிலோ சில வாரங்களிலோ வேறொரு டிஸ்க் வருகிறது. கொடுத்தது திரும்ப வராது. நிபந்தனைகளில் பொடி எழுத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கும். உள்ளே இருந்த தகவலுக்கு நிறுவனம் பொறுப்பில்லை. மாற்றிக் கொடுத்த பிறகு பழைய டிஸ்க் நிறுவனத்தின் உடைமை. தகவலைக் காப்பது உங்கள் பாடு என்று சொல்லிவிட்டு, அந்தத் தகவல் பதிந்திருக்கும் தட்டை மட்டும் தங்களிடம் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். இதை எந்த வாடிக்கையாளரிடம் படித்துக் காட்டினாலும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அது எப்படி சார் நியாயம்?" என்றுதான் கேட்கிறார்.

"செத்துப்போன டிஸ்க்தானே, கொடுத்தால் என்ன?" என்று தோன்றலாம். அது உண்மையில் சாவதில்லை. ஹார்டு டிஸ்க்கில் பழுதாவது பெரும்பாலும் தகவலைப் படிக்கும் பாகம்தான். படிக்கும் ஹெட் கெட்டு 'டிக் டிக்' என்று சத்தம் போடும், மோட்டார் இறுகிவிடும், அடியில் இருக்கும் சர்க்யூட் போர்டு கருகிவிடும். தட்டுகளில் பதிந்தவை அப்படியே இருக்கும். போர்டு மட்டும் போயிருந்தால், அதே மாடலில் வேறொரு போர்டு எடுத்து, பழைய போர்டின் ரோம் சிப்பை (அந்த டிஸ்க்குக்கே உரிய அமைப்புகள் பதிந்திருக்கும் சிப்) அதில் மாற்றிப் பற்றவைத்தால் டிஸ்க் எழுந்துவிடும். ஹெட் போயிருந்தால் தூசியில்லாத அறையில் திறந்து வேறு ஹெட் வைப்பார்கள். 2009 ஜனவரியில், ஹார்டு டிஸ்க் தயாரிக்கும் சீகேட் நிறுவனத்தின் பாராகுடா 7200.11 வகை டிஸ்க்குகள், உள்ளிருந்து டிஸ்க்கை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளின் கோளாறால் உலகம் முழுக்கத் திடீரென்று முடங்கின. கணினிக்கு அவை கண்ணிலேயே படவில்லை. ஆனால் ஒரு ஃபைல்கூட அழிந்திருக்கவில்லை. நிறுவனமே இலவசமாகத் தகவலை மீட்டுத் தர முன்வந்தது.

இப்படி, உரியவரால் திறக்க முடியாது, அழிக்கவும் முடியாது, ஆனால் கருவியும் கைப்பழக்கமும் இருப்பவரால் படிக்க முடியும் என்ற நிலையில்தான் அந்த டிஸ்க் கை மாறுகிறது. ஓடுகிற டிஸ்க் என்றால் முழுதாக அழித்துவிட்டுக் கொடுத்துவிடலாம். ஓடாததை எப்படி அழிப்பது?

என் கடைக்கு வழக்கமாக வரும் ஸ்டுடியோக்கார அண்ணன் ஒருவரின் எக்ஸ்டெர்னல் டிஸ்க் வாரண்டிக் காலத்துக்குள்ளேயே நின்றுபோனது. ஒரு முகூர்த்த சீசன் முழுவதும் எடுத்த கல்யாண வீடியோ, வளைகாப்பு, குழந்தைகள் படம் எல்லாம் அதில் இருந்தன. நல்லவேளையாக இன்னொரு நகல் வைத்திருந்தார், அதனால் வேலை நிற்கவில்லை. ஆனால் டிஸ்க்கைக் கொடுத்துப் புதியது வாங்க அவர் சம்மதிக்கவில்லை. "நம்மளை நம்பி வீட்டுக்குள்ள விட்டவங்க. அவங்க வீட்டுப் பொம்பளைங்க படம் எங்கெங்கேயோ சுத்தினா யாருக்குப் பதில் சொல்றது?" என்றார். கடைசியில் கைக்காசு போட்டுப் புது டிஸ்க் வாங்கினார். பழையது அவர் பீரோவில் இருக்கிறது. வரித் தணிக்கை செய்யும் இன்னொருவருக்கும் இதே கதைதான். வாடிக்கையாளர்களின் பான், ஆதார் நகல்கள், ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டுகள், டேலி கணக்கு எல்லாம் உள்ளே. பிறருடைய தகவலை வைத்திருப்பவர் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. வாரண்டி நிபந்தனையோ டிஸ்க்கை ஒப்படை என்கிறது. அவரும் வாரண்டியை விட்டுக்கொடுத்தார்.

விலைக்குள் வாரண்டிக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். நேர்மையாக இருப்பதாலேயே ஒருவர் அதை இழக்க வேண்டியிருக்கிறது. என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

பயம் மிகையானது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கெலும் அபி ஷெலத்தும் 158 பழைய ஹார்டு டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 129 ஓடின. அந்த 129இல் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12. ஏ.டி.எம். இயந்திரத்திலிருந்து வந்ததாகத் தெரிந்த டிஸ்க் ஒன்றில் கணக்கு எண்கள்கூட இருந்தன. அவை வாரண்டியில் திரும்பிய டிஸ்க்குகள் அல்ல, பழைய சந்தையில் கிடைத்தவை. ஆனாலும் டிஸ்க் கை மாறும்போது உள்ளிருப்பதும் சேர்ந்தே போகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். தயாரிப்பு நிறுவனம் தன் தொழிற்சாலையில் முழுதாக அழித்துத்தான் மறுபடி பயன்படுத்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். சரி, அழித்தாயிற்று என்று எழுத்தில் ஒரு தாள் தரலாமே? இத்தனை வருடத்தில் என் கடைக்கு அப்படி ஒரு தாள் வந்ததில்லை. டீலர், கூரியர், சேகரிப்பு மையம், சர்வீஸ் சென்டர் என்று நடுவில் எத்தனை கைகள்!

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பெரிய அலுவலகங்களுக்கு டெல் நிறுவனம் 'கீப் யுவர் ஹார்டு டிரைவ்' என்ற சேவையை விற்கிறது. எச்.பி.யில் அதற்கு 'டிஃபெக்டிவ் மீடியா ரிட்டென்ஷன்' என்று பெயர். கூடுதல் கட்டணம் கட்டினால் புது டிஸ்க்கும் வரும், பழுதான டிஸ்க்கும் வாடிக்கையாளரிடமே இருக்கும். ஆக, பழுதான டிஸ்க்கைத் திருப்பிக் கொடுப்பது ஆபத்து என்று இந்தத் துறைக்கே நன்றாகத் தெரியும். வங்கிக்குக் கிடைக்கும் அந்த வசதி உறையூரில் ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

நிறுவனங்கள் சொல்லக்கூடிய மறுப்பையும் நினைத்துப் பார்த்தேன். பழைய டிஸ்க் திரும்பி வராவிட்டால் ஓடுகிற டிஸ்க்கையே பழுது என்று சொல்லி ஏமாற்றுவார்கள் என்பது ஒன்று. பழுதானதைப் பிரித்துப் பார்த்தால்தான் அடுத்த மாடலைச் செம்மைப்படுத்த முடியும் என்பது இன்னொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சர்வீஸ் சென்டர் மேசையிலேயே சோதித்துப் பழுதை உறுதி செய்யலாம். அப்புறம் வாடிக்கையாளர் கண்ணெதிரே தட்டுகளோடு சேர்த்துத் துளை போட்டுவிட்டு, சீரியல் நம்பர் லேபிளையும் சர்க்யூட் போர்டையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அதற்குக் கட்டணம் வேண்டும் என்றால் வாங்கும்போதே டப்பாவின் மேல் அச்சிடட்டும். மிச்சமாகும் உலோகத்தை 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கவும் வழி இருக்கிறது.

பதிலுக்கு வரும் டிஸ்க்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் அது புதியது அல்ல. இன்னொருவர் திருப்பிக் கொடுத்ததைச் சரிசெய்து, சோதித்து, 'ரீசர்டிஃபைடு' என்றோ அதுபோன்ற வேறு பெயரிலோ லேபிள் ஒட்டி அனுப்புகிறார்கள். வாங்கி ஒன்றரை வருடம் ஓடிய டிஸ்க்குக்குப் பதிலாக இப்படி ஒன்று வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாங்கிய மாதமே நின்றுபோன டிஸ்க்குக்கும் இதையே தருவதைத்தான் ஏற்க முடியவில்லை. அதைவிட மோசம், அது எத்தனை மணி நேரம் ஓடியது என்று நமக்குத் தெரியாது. டிஸ்க் தன்னைத்தானே கண்காணிக்கும் ஸ்மார்ட் பதிவேட்டில் ஓடிய நேரம் இருக்கும், ஆனால் சரிசெய்து அனுப்பும்போது பொதுவாக அதைப் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளைச் சில கடைகள் புதியவை என்று விற்றது அம்பலமானது. ஸ்மார்ட் எண்ணைத் திருத்தியவர்கள் 'ஃபார்ம்' என்ற இன்னொரு உள் பதிவேட்டைத் தொடவில்லை, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். உண்மையான மணிக்கணக்கை லேபிளில் அச்சிடுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை.

மாற்றி வந்த டிஸ்க்குக்கு வாரண்டி எவ்வளவு? முதல் டிஸ்க்கில் மிச்சம் இருந்த காலம் அல்லது மூன்று மாதம், இரண்டில் எது அதிகமோ அது என்ற கணக்குதான் பரவலாக இருக்கிறது. பழைய டிஸ்க் கூரியரிலும் சர்வீஸ் சென்டரிலும் கிடந்த வாரங்களும் இந்தக் கணக்கில் கழிந்துவிடும். அந்த நாட்களில் நம் கையில் டிஸ்க்கே கிடையாது. வாரண்டிக் காலமே சுருங்கிவந்த கதை வேறு. 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கி டிஸ்க் தட்டுப்பாடு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சீகேட் சில பாராகுடா மாடல்களுக்கு 5 வருட வாரண்டியை 1 வருடமாகக் குறைத்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் புளூ, கிரீன் வகைகளுக்கு 3 வருடத்தை 2 ஆக்கியது. வெள்ளம் வடிந்து தட்டுப்பாடு தீர்ந்தும் சாதாரண வீட்டு உபயோக டிஸ்க்குகளுக்குப் பழைய காலம் திரும்பவில்லை. இன்றைக்கு உலகத்தில் ஹார்டு டிஸ்க் செய்பவர்கள் இந்த இருவரும் தோஷிபாவும்தான். வாங்குபவர் கோபித்துக்கொண்டு போவதற்கு வேறு கடை எங்கே இருக்கிறது?

கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்ஸனும் 2007இல் வெளியிட்ட ஆய்வைத் தாங்கள் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு அதிகபட்சம் 0.88 சதவீதம் பழுதாகலாம் என்று தயாரிப்பாளர் தாள்கள் சொன்ன இடத்தில், நிஜத்தில் மாற்ற வேண்டிவந்தது பரவலாக 2 முதல் 4 சதவீதம், சில இடங்களில் 13 சதவீதம் வரை. டிஸ்க் பழுதாவது அபூர்வம் என்ற எண்ணத்தில் விதிகளை எழுத முடியாது.

ஆணையத்துக்கு இதில் தலையிட அதிகாரம் இருக்கிறது என்பது என் நம்பிக்கை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47)இல், புதுப்பித்த பழைய பொருளைப் புதியது என்று காட்டுவதை முறையற்ற வணிகம் என்கிறது. நுகர்வோர் நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டத்துக்கு மாறாக வெளியிடுவதையும் அதே பிரிவு அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது. முறையற்ற வணிகத்தைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிடும் அதிகாரத்தைப் பிரிவு 18 தங்களுக்குத் தருகிறது. இணைய வணிகத்தில் வாங்குபவரை ஏமாற்றித் திசைதிருப்பும் 'டார்க் பேட்டர்ன்' தந்திரங்களுக்கு எதிராக 2023 நவம்பரில் தாங்கள் அதைச் செய்தும் காட்டினீர்கள். தகவல் சேமிக்கும் பொருட்களின் வாரண்டிக்கும் அதுபோல ஒன்று வேண்டும்.

அதில் முதலாவதாக, பழுதான டிஸ்க்கைத் தானே வைத்துக்கொள்ளவோ கண்ணெதிரே அழிக்கச் சொல்லவோ ஒவ்வொரு தனிநபருக்கும் உரிமை இருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கச் சம்மதிப்பவருக்குச் சீரியல் நம்பரோடு அழிப்புச் சான்று தர வேண்டும். வாங்கிய கொஞ்ச நாளிலேயே பழுதானால் புதிய டிஸ்க்தான் பதிலாக வர வேண்டும். டிஸ்க் நம் கையில் இல்லாத நாட்களை வாரண்டியில் கழிக்கக் கூடாது. தகவல் மீட்பையும் விட்டுவிடாதீர்கள். அங்கீகாரம் பெற்ற மீட்பு நிலையத்தில் டிஸ்க்கைத் திறந்தால் வாரண்டி போகாது என்று சில நிறுவனங்களின் விதிகளில் இருந்தாலும், கவுண்டரில் இருப்பவருக்கே அது தெரிவதில்லை. சீல் உடைந்திருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். ஒன்று தகவல், இல்லாவிட்டால் வாரண்டி என்று அவர்களைத் தேர்ந்தெடுக்க வைக்கக் கூடாது. கண்காணிப்பு கேமராவுக்கும் நெட்வொர்க் சேமிப்புக்கும் ஆன சில டிஸ்க்குகளோடு மூன்று வருடத் தகவல் மீட்புச் சேவையைச் சீகேட்டே சேர்த்துத் தருகிறது. மற்ற டிஸ்க்குகளுக்கும் அது முடியும்.

நெறிமுறை வகுக்கும் முன் தயாரிப்பாளர்களையும் விநியோகஸ்தர்களையும் கலந்து பேசுவீர்கள். அந்தக் கூட்டத்துக்கு என்னைப் போன்ற சிறு பழுதுபார்ப்புக் கடைக்காரர்களையும் ஒரு ஸ்டுடியோக்காரரையும் அழையுங்கள். வாடிக்கையாளர் பெயர்களை மறைத்து, வாரண்டி ரசீதுகளின் நகல்களையும், மாற்றி வந்த டிஸ்க்குகளின் லேபிள் படங்களையும் கொண்டுவந்து தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி