நடுவில் ஆளை மாற்றாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம். சமயப் பள்ளிகளில் மாணவரோடு ஆசிரியர் தனியாகப் பேசும் வழிகாட்டல் பெரும்பாலும் அறிவுரை வகுப்பாகிவிடுகிறது. மாணவன் வாய் திறப்பதற்குள் வேத வசனம் வந்துவிட்டால், அடுத்த வாரம் ‘எல்லாம் நல்லா இருக்கு சார்’ என்று முடித்துக்கொள்வான். 1877இல் இத்தாலியக் கத்தோலிக்கக் குரு தொன் போஸ்கோ எழுதிய தடுப்புமுறைக் கல்வி (தண்டிப்பதைவிட, உடனிருந்து தவறு நேராமல் காப்பது), சமயத்தோடு பகுத்தறிவையும் அன்பையும் சேர்த்தே வைத்தது.

ஒரு வழிகாட்டிக்கு ஐந்தாறு மாணவர்கள், வாரம் 20 நிமிடம், கதவு திறந்த அறை போதும். மதிப்பெண் போடுபவரே வழிகாட்டியானால் பயம் பேச விடாது. ஆபத்தான விஷயத்தை ரகசியமாக வைக்க முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். முக்கியமாக, ஆண்டு நடுவில் வழிகாட்டியை மாற்றாதீர்கள். பிள்ளைகள் மனம்விட்டுப் பேசத் தொடங்கவே சில மாதங்கள் ஆகும். போன வாரம் சொன்ன கவலையை மறக்காமல் கேட்டவரைத்தான், பள்ளியை விட்டுப் போனபிறகும் வேலை, திருமணம் என்று யோசனை கேட்கத் தேடி வருகிறார்கள்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர்