தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம்

மேற்கு மாம்பலம்,
சென்னை.
8.12.2024

அன்புள்ள சாந்தி,

எப்படி இருக்கே? அண்ணன், பசங்க எல்லாரும் நலமா? அம்மாவோட முட்டிவலி பரவாயில்லையா? இங்க அத்தை, அவர், பிள்ளைங்க சௌக்கியம். உன் தீபாவளி வாழ்த்துக்கு நான் பதில் போடலை. திட்டிக்கோ, வாங்கிக்கறேன். போன்ல பேச ஆரம்பிச்சா அழுதுடுவேன்னுதான் இதை எழுதறேன்.

போன வாரம் குடும்பத்தோட ஜவ்வாது மலைக்குப் போனோம்டி. பெரியவனுக்கு காவலூர் தொலைநோக்கியைப் பார்த்தே ஆகணும். வெள்ளிக்கிழமை, 29ஆம் தேதி, பதினோரு மணி வாக்குல கிளம்பினோம். முதல் நாள் வரைக்கும் புயலா மாறாது, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாவே கரையைக் கடக்கும்னுதான் செய்தியில சொன்னாங்க. அப்படியே காத்தடிச்சாலும் கடலோரத்துக்குத்தானே, நாம மலையில இருப்போம்னு அவருக்குத் தைரியம் சொன்னது நான்தான். சாயங்காலம் போளூர்ல டீ குடிக்க நிறுத்தினப்போ கடை டிவியில ஃபெஞ்சல்னு பேரே வெச்சுட்டாங்க.

சனிக்கிழமை மலையில வெறும் தூறல்தான். காவலூர்ல மேகம் மூடிக்கிடந்தது, பெரியவன் முகம் தொங்கிப்போச்சு. ராத்திரி புதுச்சேரிகிட்ட புயல் கரையைக் கடந்துடுச்சு, சென்னையில விமான நிலையத்தையே மூடிட்டாங்கன்னு எதிர்வீட்டு மாமி போன் பண்ணினாங்க. நாம தப்பிச்சோம்னு சொல்லிட்டு நிம்மதியாத் தூங்கினேன் சாந்தி. அந்தத் தூக்கத்தை இப்ப நினைச்சாலும் உடம்பு நடுங்குது.

கரையைக் கடந்தா முடிஞ்சதுன்னு இத்தனை வருஷமா நம்பிட்டு இருந்தேன். அந்தப் புயல் நகராம மணிக்கணக்குல புதுச்சேரி பக்கமே உட்கார்ந்திருந்தது. கடல் ஈரத்தை இழுத்து விழுப்புரம் பக்கம் மயிலத்துல கொட்டிச்சு, அப்புறம் வலுவிழந்து மெதுவா மேற்கே, நாங்க ஒதுங்கின பக்கமாவே வந்துச்சு. மயிலத்துலயும் அடுத்த நாள் கிருஷ்ணகிரி பக்கம் ஊத்தங்கரையிலயும் 50 செ.மீ. வாக்குல மழை.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் இறங்கி, திருவண்ணாமலையில சாமி கும்பிட்டுட்டு வீட்டுக்குப் போறதா ஏற்பாடு. வைப்பர் தள்ளத் தள்ள கண்ணாடியில தண்ணி நிக்குது. ஒரு வளைவு தாண்டினதும் தரைப்பாலம். பாலம்னே தெரியலை, செங்காவித் தண்ணி இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கத்துக்கு மடிஞ்சு மடிஞ்சு ஓடுது. மெதுவா விட்டா போயிடலாம்னு அவர். திங்கக்கிழமை ஆபீஸ். போகலாம்னு நானும் தலையாட்டினேன். அத்தை மட்டும் கந்த சஷ்டி கவசத்தை நிறுத்திட்டு, "வேணாம்ப்பா"ன்னாங்க.

அப்பதான் தலையில உரச்சாக்கைக் கொங்காணியாப் போட்டுக்கிட்டு ஒரு பெரியவர் ஓடி வந்தார். ஒண்ணும் பேசலை. கையில இருந்த கழியைத் தண்ணியில ஊணினார். எடுத்து எங்களுக்கு நேராப் பிடிச்சார். ஈரம் அவர் முட்டிக்கு மேல இருந்தது. அப்புறம் கழியை மறுபடி விட்டுக் கையைத் தளர்த்தினார், அது சடார்னு பிடுங்கிட்டுப் போயிடுச்சு. "வண்டியும் இப்படித்தான் சார்"னார்.

அவங்க ஓட்டு வீட்டுலதான் ரெண்டு ராத்திரி இருந்தோம். சாமைச் சோறு, கொள்ளுக் குழம்பு. எங்களைக் கட்டில்ல படுக்க வெச்சுட்டு அவங்க அடுப்போரமாப் படுத்துக்கிட்டாங்க. நான் காசை எடுத்ததும் அந்த அம்மா முகம் மாறிப்போச்சு, திரும்ப உள்ள வெச்சுட்டேன். கரண்ட் இல்லை, டவர் இல்லை. அத்தையோட பிரஷர் மாத்திரை அட்டையில மூணுதான் பாக்கி. இருட்டுல அதைத் தடவித் தடவி எண்ணிக்கிட்டே இருந்தேன். காலேஜ் டூருக்கு மெழுகுவத்தி, தீப்பெட்டி, கயிறுன்னு நீ கட்டிட்டு வந்த மூட்டையைப் பார்த்து நாங்க எல்லாரும் எப்படிச் சிரிச்சோம்! கயிறு கூடவாடின்னு உமா கேட்டாளே. அந்த மூட்டைக்காக ஏங்கினேன்.

செவ்வாய்க்கிழமை மழை விட்டதும் ஆலங்காயம் வழியா வாணியம்பாடி இறங்கி வேலூர் ரோட்டைப் பிடிச்சோம். ஆம்பூர்கிட்ட டவர் கிடைச்சதும்தான் எல்லாம் தெரிஞ்சது. நாங்க போயிருக்க வேண்டிய ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திருவண்ணாமலையில மலைச்சரிவு, மண்ணுக்குள்ள ஒரே வீட்டுல ஏழு பேர், அதுல குழந்தைங்க. சாத்தனூர் அணையில விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டு, விழுப்புரம் பக்கம் அரசூர்ல திருச்சி ரோடே தண்ணிக்குள்ள. குட்டி பின்சீட்டுல தூங்கிட்டிருந்தா. நான் திரும்பித் திரும்பி அவளைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே வந்தேன்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுத்தி வந்தேன். போன வருஷம் டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டினப்போ, தாமிரபரணி உங்க தெருவுக்குள்ள வந்தப்போ, மூணாம் நாள் நீ எனக்குப் போன் பண்ணினே. மொட்டை மாடியில மாமனாரை வெச்சுக்கிட்டு ரெண்டு ராத்திரின்னு ஆரம்பிச்சே. நான் என்ன சொன்னேன்? "எங்களுக்கும் இப்பதான் மிக்ஜாம் புயல் வந்துச்சு, வடிஞ்சுடும்டி"ன்னேன். பாலுக்கு வரிசையில நின்ன என் கதையையே அரை மணி நேரம் பேசினேன். நீ "சரிடி"ன்னு வெச்சுட்டே. அதுக்கப்புறம் நீயும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அந்த ஓட்டு வீட்டுல மாத்திரையை எண்ணிக்கிட்டு இருந்தப்போ உன்னோட அந்த "சரிடி"தான் காதுல கேட்டுச்சு. மன்னிச்சுக்கோ சாந்தி.

பொங்கல் முடிஞ்சதும் நான் மட்டும் வரேன். அன்னைக்கு வெள்ளத்துல உங்க ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நின்னுபோச்சே, அதே செந்தூர் எக்ஸ்பிரஸ்லதான். மாமனாருக்கு என்ன மாத்திரை தேவைப்பட்டது, தண்ணிக்கு என்ன பண்ணினே, யார் வந்து இறக்கிவிட்டாங்க, எல்லாத்தையும் முதல்ல இருந்து சொல்லு. நான் குறுக்கே பேசமாட்டேன்.

டிக்கெட் உறுதியானதும் சேதி அனுப்பறேன். அம்மாவுக்குத் தைலம் வாங்கி வெச்சிருக்கேன்.

உன்
கீதா