முழங்காலில் நின்ற நாலு பேரும் நிற்காத என் மகளும்

மதிப்புக்குரிய அதிபர் சிஸ்ரர் அவர்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும்,

வணக்கம். நான் உங்கள் பழைய மாணவி. இப்போது பத்தாம் ஆண்டில் படிக்கும் பிள்ளை ஒன்றின் தாய். பாடசாலையின் பெயரை இதில் எழுதவில்லை. வன்னியில் ஒரு கத்தோலிக்கப் பாடசாலை என்ற அளவில் நிற்கட்டும். விளங்க வேண்டியவர்களுக்கு விளங்கும்.

போன திங்கட்கிழமை காலைச் செபம் முடிந்ததும் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் நாலு பேரை மாதா சொரூபம் வைத்த கெபிக்கு முன்னால் முழங்காலில் விட்டீர்கள். இரண்டாம் தவணைக் கணிதப் பரீட்சைக்குக் கொம்பாஸ் பெட்டிக்குள் பார்த்தெழுதத் துண்டுக் கடதாசி கொண்டு வந்தது குற்றம். கொண்டு வந்தது உண்மைதான். அவர்களுக்காக வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

ஆனால் அந்தத் துண்டில் என்ன எழுதியிருந்தது என்று யாராவது வாசித்துப் பார்த்தீர்களா? பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை கணித ஆசிரியர் தன் ரியூசனில் 'எதிர்பார்க்கை வினாக்கள்' என்று ஒரு தாள் கொடுத்தார். பரீட்சைத் தாளின் இரண்டாம் பகுதியில் வந்த கேள்விகளில் ஏழு அதில் அப்படியே இருந்தன. வட்டிக் கணக்கில் வட்டி வீதம்கூட மாறவில்லை. பரீட்சைத் தாளைத் தயாரித்தவரும் அவரேதான். அந்த நாலு பேரும் ரியூசனுக்குப் போகாதவர்கள், மாதக் காசு கட்ட வீட்டில் வழியில்லாதவர்கள். ஞாயிறு இரவு யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் அவர்கள் கைக்கு வந்தது. பாடமாக்க நேரமில்லை, துண்டில் எழுதினார்கள். காசு கட்டியவர்கள் இரண்டு நாளாகப் பாடமாக்கிவிட்டு வந்து நிமிர்ந்திருந்து எழுதினார்கள்.

என் மகள் காசு கட்டியவள். அவளுக்கு 83. புள்ளியைக் கேட்ட சந்தோசத்தில் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். திங்கள் இரவு சாப்பிடாமல் இருந்தாள். ஏன் என்று கேட்டபோது, "அம்மா, நானும் அங்க நிண்டிருக்கோணும்" என்றாள். அந்தத் தாளை அவளுடைய கொப்பிக்குள் அப்போதுதான் பார்த்தேன்.

அடுத்த நாள் உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். "பிள்ளைக்குத்தான் பிரச்சினை வரும், விடுங்கோ" என்றீர்கள். அக்கறையில் சொன்னீர்கள் என்று தெரியும். என்றாலும் சிஸ்ரர், இதே பாடசாலையில்தான் எங்களுக்கு மறைக்கல்வி சொல்லித் தந்தார்கள். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவானவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்கு, ஐந்து காரியம் வேண்டும் என்று கையை விரித்து எண்ண வைப்பார்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம், அபராதம் தீர்த்தல். நீங்கள் நாலு பிள்ளைகளிடம் நாலாவதை மட்டும் வாங்கினீர்கள், அதுவும் ஊர் பார்க்க. முதலாவதைப் பாடசாலை செய்ததா? ஐந்தாவதை, செய்த பிழைக்கான பரிகாரத்தை, யார் செய்வது?

நாடு முழுக்க இதுதானே நடக்கிறது என்று சங்கத்தில் ஒருவர் சொன்னாராம். நடக்கிறதுதான். 2024 செப்டெம்பர் 15 நடந்த ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் மூன்று கேள்விகள் முன்னதாகவே வெளியே வந்தன. பெற்றோர் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். கடைசியில் அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுக்கச் சொல்லி டிசெம்பர் 31இல் தீர்ப்பு வந்தது. பொதுப் பரீட்சைக்கு 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தவணைப் பரீட்சைக்கு நீங்கள்தான் சட்டம், நீங்கள்தான் நீதிமன்றம். மகளுக்காக நான் வேறெங்கே போக?

இன்னொன்று. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களுக்கு. மிகுதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, அதில் வன்னி மாவட்டங்களும் அடக்கம். மாவட்டப் பங்கில் எங்கள் பிள்ளை தள்ளி விழுத்துவது கொழும்புப் பிள்ளையை இல்லை. பக்கத்து வாங்கில் இருக்கிற பிள்ளையைத்தான். பத்தாம் ஆண்டுத் தவணைப் புள்ளிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை, சரி. ஆனால் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

என் தம்பி 2009 ஆகஸ்ட்டில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்குள் இருந்து உயர்தரப் பரீட்சை எழுதியவன். படிக்கப் புத்தகம் இல்லை. எங்கிருந்தோ வந்த பழைய பௌதிகவியல் வினாத்தாள் ஒன்றே ஒன்று இருந்தது. போட்டோப் பிரதி எடுக்க இடமேது? கூடாரத்துக்குக் கூடாரம் அந்தத் தாள் போனது, பிஸ்கட் பெட்டி மட்டையிலும் எழுதினார்கள். ஓரம் கிழிந்து போன ஒரு கேள்விக்கு முடிவே இல்லை, அதற்குத் தாங்களே இலக்கம் போட்டுச் செய்தார்களாம். அந்தப் பெடியன்களில் யாரும் மற்றவனுக்குத் தாளை ஒளித்ததாகத் தம்பி சொன்னதில்லை. ரியூசன் தாளைப் பார்த்தபோது எனக்கு அந்த மட்டைதான் ஞாபகம் வந்தது.

உங்கள் ஆசிரியரைச் சந்தியில் நிறுத்தச் சொல்லவில்லை. அவருக்கும் சம்பளம் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தன்னிடம் காசு கட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு அவரே பரீட்சைத் தாள் தயாரிக்கக் கூடாது. இதற்கு வலயக் கல்வி அலுவலகத்தின் சுற்றுநிருபம் தேவையில்லை, உங்கள் ஒரு சொல் போதும். கணிதத் தாளை ரத்துச் செய்து, வேறு ஒருவரைக் கொண்டு புதிதாகத் தாள் போடுங்கள். நாலு பேரை முழங்காலில் விட்ட அதே காலைச் செபத்தில், தாள் எங்கிருந்து போனது என்பதையும் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். 'எங்கள் பக்கத்தில் இருந்துதான் போனது' என்றால் போதும்.

மகளின் தேர்ச்சி அறிக்கையில் பெற்றோர் ஒப்பம் வைக்கும் இடத்தை வெறுமையாக விட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். மறுபரீட்சை எந்தச் சனிக்கிழமை என்றாலும் மகள் வருவாள். ரியூசன் அந்த நேரம்தான், பரவாயில்லை. மண்டபத்தில் மேசை கதிரை இழுத்துப் போட ஆள் தேவையென்றால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றின் தாய்