சித்திரையில் வர வேண்டிய விதை

வேளாண்மை – உழவர் நலத்துறை உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மன்னார்குடிக்குக் கிழக்கே ஏழரை மா, அதாவது இரண்டரை ஏக்கர் கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறேன். தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பம் உழுகிற நிலம்.

‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தை 2024-ல் அறிவித்தபோது மனசு நிறைந்தது. மானிய விலையில் பசுந்தாள் உர விதை, அதாவது வளர்த்துப் பச்சையாகவே மண்ணில் மடக்கி உழுகிற செடிகளின் விதை, டெல்டா மண் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. குறுவை நெல்லுக்கான அரசு உதவித் தொகுப்பில் யூரியா, டிஏபி, பொட்டாஷ் இலவசமாகக் கொடுத்ததையும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் மூட்டை உரம் அந்தப் போகத்துப் பயிரோடு தீர்ந்துவிடும். எங்கள் களிமண் கோடையில் பாதம் நுழைகிற அளவுக்கு வெடிக்கிறதே, அந்த வெடிப்பை யூரியா மூடாது.

ஒரு வருஷம் சொந்தக் காசில் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியின் விதையை வாங்கி, ஏக்கருக்கு 20 கிலோ விதைத்தேன். ஒரு மாதத்தில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் குட்டிக் குட்டி முடிச்சு. ஒன்றை நகத்தால் கிள்ளினேன், உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள தழைச்சத்தை அது பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நிறம்தான் சாட்சி. 45-ம் நாள், பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி உழுதோம். நாலு நாள் வயல் நாறியது, கொக்குகள் வரப்பை விட்டு நகரவில்லை. அந்தக் குறுவைக்கு மேலுரம் ஒரு தடவை குறைந்தது.

இதில் எல்லாமே நாள் கணக்கு. பங்குனியில் உளுந்து பிடுங்கி, சித்திரையில் கோடை மழை பெய்த ஈரத்தில் விதைத்தால்தான் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்குள் மடக்கி உழ முடியும். எங்கள் பகுதிக்கு மானிய விதை வந்து சேர்ந்தபோது வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது விதைத்தால் குறுவை போய்விடும். நாள் கடந்து வளரவிட்டாலோ தண்டு முற்றி, டிராக்டரில் பூட்டி உழுகிற ரோட்டவேட்டரின் கத்தியில் கயிறாகச் சுற்றிக்கொள்கிறது. நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது, ஒதுக்கீடு வட்டாரத்துக்கு வந்துசேர நாளாகிறது என்பது புரிகிறது. அதனால்தான் கேட்கிறேன்: டெல்டாவுக்கான விதையை முந்தின நிதியாண்டின் பணத்திலேயே வாங்கி, மார்ச்சுக்குள் வேளாண் விரிவாக்க மையங்களில் இருப்பு வையுங்கள்.

அந்த விதையும் எனக்குக் கிடைக்கவில்லை. பதிவு செய்யும்போது பட்டா எண் கேட்டார்கள். பட்டா கோயில் பெயரில். என் கையில் இருப்பது குத்தகை கட்டிய ரசீது, அதிலும் இறந்துபோன என் அப்பாவின் பெயர். கவுண்டரில் இருந்த பெண் வருத்தத்தோடுதான் திருப்பிக் கொடுத்தார், அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் பிரீமியம் கட்டலாம், யார் என்ன பயிர் செய்கிறார் என்று விஏஓ தரும் அடங்கலை அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள். அதே அடங்கலை மண்வளத் திட்டங்களுக்கும் ஏற்றுக்கொள்ளுங்கள். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது.

அமெரிக்காவில் 1930-களில் புழுதிப் புயல்கள் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போன பிறகு, 1935-ல் மண் பாதுகாப்புக்கென்றே சட்டமும் துறையும் வந்தன. இன்றும் அங்கே ‘ஈக்விப்’ என்ற உதவித் திட்டத்தில் நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒப்பந்தக் காலம் முழுவதும் நிலம் கைவசம் இருக்கும் என்று காட்டினால் குத்தகைதாரரும் சேரலாம். மூன்று தலைமுறையாக ஒரே வயலை உழுகிற எங்களால் அதைக் காட்ட முடியாதா?

இன்னொன்றும் மனசில் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஆடு மேய்ப்பவர்கள், மந்தையை ஓட்டிக்கொண்டு வந்து வயலில் கிடை போடுவார்கள்; ராத்திரி முழுக்க அங்கேயே அடைத்து வைப்பதால் எரு வயலிலேயே விழும். ‘ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்’ என்பார் தாத்தா. கிடைக்கூலி கொடுக்க முடியாமல்தான் பல பேர் இப்போது விட்டுவிட்டோம். உரத்துக்குக் கொடுக்கிற உதவியில் ஒரு பங்கைக் கிடைக்கூலிக்கும் கொடுத்தால் எங்கள் மண்ணும் தேறும், மேய்ச்சலுக்கு இடம் தேடி அலைகிற அந்தக் குடும்பங்களும் பிழைக்கும்.

வருகிற பங்குனிக் கடைசியில் என் வயல் காலியாகிவிடும். முதல் கோடை மழைக்கு முன்னால் விதை மூட்டை வந்துவிட்டால், அந்த ஈரத்திலேயே விதைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
கோயில் நிலக் குத்தகை விவசாயி ஒருவன்